ஒன்பதாம் நம்பர் ஷூ

ஷூ வாங்குவதாக இருந்தால் மாலையில் கடைக்குப் போவது நல்லது. காலையில் பாதம் கொஞ்சம் சிறியதாக இருக்கும். பகலெல்லாம் நின்று நடந்து மாலைக்குள் சற்றுப் பெருத்துவிடும். காலையில் கச்சிதமாக இருக்கிற ஷூ மாலையில் கடிக்கும். கடைக்காரர்களுக்கு இது தெரியும், சொல்ல மாட்டார்கள்.

கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழுவினருக்கு வணக்கம். நீங்கள் கொடுத்த படிவத்தில் ‘சோதனையின்போது நேர்ந்த விரும்பத்தகாத நிகழ்வுகள் (சுருக்கமாக)’ என்ற கேள்விக்கு நான்கு கோடுகள் விட்டிருக்கிறீர்கள். எல்லோரும் ‘ஏதுமில்லை’ என்று எழுதிவிட்டுப் போவதால் நான்கே அதிகம்தான். நானும் அப்படித்தான் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்த இடத்தில் மேற்கொண்டு எழுத இடமில்லாததால் இந்தத் தாள்களை இணைக்கிறேன். நடந்துகொண்டே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் கண்டுபிடிப்பு ஒரு ஷூ. குதிகாலுக்கு அடியில் ஒரு தகடு இருக்கிறது. மிதித்தால் அழுந்தும், அழுந்தினால் ஒரு சொட்டு மின்சாரம் வரும். அது பேன்ட்டுக்குள்ளும் சட்டைக்குள்ளும் ஓடுகிற மெல்லிய வயர் வழியாக மணிக்கட்டில் கட்டிய பட்டைக்குப் போய்ச் சேமிப்பில் விழும். பட்டை நாடியை எண்ணும். ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டும். பேட்டரி கிடையாது, சார்ஜர் கிடையாது. மனிதன் நடந்தால்தான் பட்டைக்குச் சாப்பாடு. நாள் முழுக்க நடந்து சேர்க்கிற மின்சாரத்தில் அரை டம்ளர் டீயைக்கூடச் சூடாக்க முடியாது. ஆனால் ஒரு விளக்கைச் சிமிட்ட வைக்கலாம். இதற்கு மாநாடுகள் நடக்கின்றன.

எங்கள் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் மறுபடி. எதைக் காட்டினாலும் “மறுபடி பண்ணு” என்பார். அவருக்குப் பிள்ளை பிறந்த செய்தியை நர்ஸ் சொன்னபோதும் அதையேதான் சொன்னார் என்று கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் ஒருமுறை எழுதினேன். அதில் வாராவாரம் எனக்கு ஒரு பத்தி உண்டு. சிரிப்புப் பத்தி. பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

மறுபடி சார் கெட்டிக்காரர். சிக்கல் எங்கே என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

“தகடு நல்லாத்தான் இருக்கு. வயரும் நல்லாத்தான் இருக்கு. மனுஷன்தான்டா பிரச்சினை. உக்காந்துடுறான்.”

சோதனையின் விதி இது. ஒரே ஆள், முப்பது நாள், விளக்கு ஒருமுறைகூட அணையக் கூடாது. அணைந்தால் மீண்டும் முதல் நாள். முதலில் மாட்டிவிட்டது என் வகுப்புத் தோழனுக்கு. கால்பந்து அணித் தலைவன். சனிக்கிழமை படுத்தவன் திங்கட்கிழமைதான் எழுந்தான். அடுத்து விடுதிக் காவலர். காவல் காப்பவர் நடப்பார் என்று நம்பியது எங்கள் அறியாமை. மூன்றாவது நான். பதினோராம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. சார் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், “மறுபடி” என்றார். மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப ஆறு வாரம்தான் மீதி. அனுப்பாவிட்டால் எனக்கு இன்னொரு வருஷம் அதே ஆய்வுக்கூடம், அதே தகடு, அதே சார்.

அப்போதுதான் மாமாவைப் பற்றி யோசித்தேன்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். நான்கு வருஷமாக நான் இருப்பது அவர்கள் வீட்டில்தான். ஹாலில் ஜன்னலோரக் கட்டில் என்னுடையது. மாமா ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குபவர். பழைய லிஃப்ட், கம்பிக் கதவு, பித்தளைக் கைப்பிடி, ஒரு ஸ்டூல். இருபது வருஷமாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மேலேயும் கீழேயும் போய்வந்தவர். “நான் போன தூரத்துக்கு நிலாவுக்கே போயிருக்கணும்டா. என்ன பண்றது, ஏழாவது மாடியிலயே எல்லாரும் இறங்கிடுறாங்க” என்பார். வலது முழங்காலில் பழைய அடி ஒன்று உண்டு. நடந்தால் வலது பாதம் லேசாக இழுபடும்.

என் பத்தி வெளியானதும் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார். லிஃப்ட்டில் ஏறுகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவார். “எங்க வீட்டுப் பையன் எழுதினது. மூணாவது மாடிக்குள்ள சிரிக்கலேன்னா நாலாவதுல இறக்கி விட்டுடுவேன், படியேறிப் போங்க.” எனக்கு இருந்த வாசகர்களில் பாதிப்பேர் அப்படி லிஃப்ட் கதவை மூடிப் பிடித்து வைக்கப்பட்டவர்கள்.

போன வருஷக் கடைசியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரி. பக்கத்துக் கட்டில்காரருக்கு நெஞ்சுக்குள் ஒரு பெட்டி வைத்தார்கள். இதயத்தைத் தட்டிக்கொடுத்து ஓட வைக்கிற பெட்டி. மாமாவுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் அந்தப் பெட்டி அவர் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், “அந்தாளு பேட்டரில ஓடுறாருங்க” என்று ரொம்ப மரியாதையாகச் சொல்வார்.

டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். காலையில் இருபது நிமிஷம், மாலையில் இருபது நிமிஷம், மெதுவாக நடக்கலாம். மூச்சு வாங்கினால் நிறுத்த வேண்டும். கால் வீங்கினால் உடனே வர வேண்டும். சீட்டை வாங்கி வைத்தது நான். வீட்டில் படித்த பையன் நான்தானே.

மாமா அந்த இருபது நிமிஷம்கூட நடக்கவில்லை.

“டாக்டர் நடக்கச் சொன்னாரே, காதுல விழுந்துச்சா இல்லையா?” என்று அக்கா கேட்பாள்.

“காதுல விழுந்துச்சு. காலுக்குத்தான் இன்னும் சேதி போகல.”

அவரை நடக்க வைக்க அக்கா அழுதுகூடப் பார்த்தாள். ஆகவே நான் ஷூவைக் கொண்டுவந்தபோது அதில் நன்மையும் இருந்தது என்பதைக் குழு கவனத்தில் கொள்ள வேண்டும். சோதனையாளர் படிவத்தில் ‘இதய நோய் உண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று குறித்தது நான். அப்போது மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஷூவின் நாடாவைக் கோத்துக்கொண்டிருந்தார். எட்டாம் நம்பர். மாலையில்தான் அளவெடுத்தேன்.

வயரை அவர் சட்டைக்குள் விட்டு இழுத்தபோது, “டேய், என்னை பொம்மலாட்டத்துக்கா கூட்டிட்டுப் போற?” என்று நெளிந்தார். ஹாலில் நாலு நடை நடந்ததும் பட்டையில் விளக்கு வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். விரலுக்குக் கீழே துடிப்பதும் விளக்கு சிமிட்டுவதும் ஒரே நேரத்தில் நடந்தன. அக்கா உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

“ஏன்டா, இந்த லைட் நின்னா, உள்ள இருக்கறதும் நின்னுடுமா?”

நான் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். “நிக்காமப் பாத்துக்கோங்க மாமா” என்றேன்.

முதல் வாரம் அருமையாகப் போனது. காலை ஐந்தரைக்குத் தெருவில் நடந்தார். டீ குடிக்கும்போது நடந்தார். ஹாலிலிருந்து சமையலறைக்குப் பதினொரு அடி; போய்வந்துகொண்டே அக்காவிடம் பேசினார். லிஃப்ட்டில் ஸ்டூலை மூலையில் தள்ளிவிட்டு நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதித்தார். “என்னண்ணே, மிலிட்டரில சேந்துட்டீங்களா?” என்று கேட்டவர்களுக்கு, “லிஃப்ட் இப்ப என் கால்லதான் ஓடுது, தெரியாதா?” என்றார். தூங்கும் நேரத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே நடந்து வைத்துவிட்டுத்தான் படுத்தார். அக்கா என் தட்டில் எல்லாவற்றையும் இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தாள்.

“நான் பத்து வருஷமா சொன்னேன், கேக்கல. நீ ஒரு லைட்ட மாட்டி நடக்க வெச்சுட்டியேடா.”

ஆய்வுக்கூடத் திரையில் அவர் நடை அலையலையாக வந்து விழுந்தது. கையெழுத்து மாதிரிதான் நடையும், ஆளுக்கு ஆள் வேறு. மாமாவின் இடது கால் ஒரு நெடிய முனை. வலது கால் ஒரு குட்டை முனை, அதற்குப் பின்னால் ஒரு வால். பாதம் இழுபடுகிறதல்லவா, அந்த வால்.

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“எங்கடா புடிச்ச இவரை? உக்காரவே மாட்டேங்குறாரே.”

“வீட்டுலயே இருந்தாரு சார்.”

“வேணும்னா இன்னும் எவ்வளவு நடப்பாரு?”

அது நியாயமான கேள்வி. உடலில் அணிகிற கருவிகளைப் பற்றி எழுதப்பட்ட அத்தனை கட்டுரைகளிலும் விடை இல்லாத கேள்வி அதுதான். தகடு எவ்வளவு தரும் என்று எல்லோரும் அளந்திருக்கிறார்கள். மனிதன் எவ்வளவு தருவான் என்று யாரும் அளக்கவில்லை.

ஷூவிலிருந்து வரும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு சேமிப்புக்குப் போகலாம் என்பதை என் ஃபோனிலிருந்து மாற்ற முடியும். தொடக்கத்தில் நூற்றுக்கு நூறும் போய்க்கொண்டிருந்தது. நாலாயிரம் அடி நடந்தால் ஒரு நாளைக்கு விளக்கு எரியும். எட்டாம் நாள் அதை எழுபதாக்கினேன். கட்டிலில் படுத்தபடியே மாற்றினேன். அரை மணி நேரத்தில் ஹாலில் காலடிச் சத்தம் கேட்டது. பத்தாம் நாள் ஐம்பது.

“இப்பல்லாம் சீக்கிரம் மங்கிடுதேடா” என்றார் மாமா. பட்டை கட்டிய கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்திருந்தார், அடிபட்ட கையைப் பிடிப்பதுபோல.

“நீங்க மெதுவா நடக்கறீங்க மாமா.”

“அப்படியா” என்றார். பிறகு வேகமாக நடந்தார்.

பதினோராம் நாள் திரையில் ஒரு விசித்திரம் தெரிந்தது. குட்டிக் குட்டியாக, ஒரே சீராக, எலிப்பல் மாதிரி முனைகள். லிஃப்ட்டில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு குதிகாலை மட்டும் தட்டியிருக்கிறார். கால் வலித்திருக்கலாம். அறிவியலில் இதையெல்லாம் விட முடியாது. முழு எடையும் விழாத மிதியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று பட்டைக்குச் சொல்லிவிட்டேன். அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது விளக்கு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கியிருந்தது. வாசலில் அக்கா தண்ணீர் நீட்டினாள். வாங்கவில்லை. கதவிலிருந்து அப்படியே திரும்பித் தெருவுக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டாம் நாள் எட்டாம் நம்பர் அவருக்குப் பத்தவில்லை. அக்கா அவர் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள். அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது.

“இங்க பாருடா. மாவுல அழுத்தின மாதிரி இருக்கு.”

“புது ஷூதான்க்கா. நடக்காத கால் நடந்தா அப்படித்தான் இருக்கும்.”

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா? சீட்டுல ஏதோ போட்டிருந்தாரே.”

“சீட்டுல நடக்கணும்னு போட்டிருக்கு” என்றேன். சீட்டு என் ஃபைலில் இருந்தது. இன்னும் இருக்கிறது, இணைத்திருக்கிறேன்.

மறுநாள் ஒன்பதாம் நம்பர் ஷூ கொண்டுவந்து கொடுத்தேன். தகடுகளைப் பழையதிலிருந்து பிடுங்கி அதில் வைத்துத் தைத்தேன். விளக்கு அணையாமல் இந்த மாற்றத்தைச் செய்தது எளிதல்ல. ஒரு காலுக்குத் தைக்கும்போது மறுகாலால் மாமாவை நொண்டியடிக்க வைத்தேன். சிறு பிள்ளைபோல நொண்டினார். மூன்று பேரும் சிரித்தோம்.

பிறகு படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் சாய்ந்து தூங்க ஆரம்பித்தார். பதினாறாம் நாள் பங்கை முப்பதாக்கினேன்.

பதினெட்டாம் நாள் என் பத்தி வெளியானது. ஒரு மனிதன் வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்றால் தானும் செத்துவிடுவோம் என்று நம்புகிறான். மணிக்கு ஒருமுறை ஓடிவந்து சாவி கொடுக்கிறான். கல்யாண மண்டபத்திலிருந்து ஓடிவருகிறான், பல் பிடுங்கும் நாற்காலியிலிருந்து ஓடிவருகிறான். கல்லூரியில் நல்ல வரவேற்பு. அவசரத்தில் வேறு விஷயம் கிடைக்கவில்லை என்பதைத் தவிர அதை எழுதியதற்கு உள்நோக்கம் எதுவும் இல்லை.

மாமா அதை லிஃப்ட்டில் நாள் முழுக்க வாசித்தார், நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டு. மாலையில் வந்தவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கால் மாற்றி மாற்றி நின்றார். ஒரு வாக்கியத்துக்கு மூன்று முறை மூச்சு வாங்கினார்.

“நல்லா எழுதியிருக்கடா. ஏழாவது மாடி வரைக்கும் சிரிச்சாங்க.” இன்னொருமுறை மூச்சு வாங்கினார். “ஆனா பாவம்டா அந்தாளு. கூட இருக்கறவங்க யாராவது அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னா கதை முடிஞ்சிடும் மாமா.”

“அதுவும் சரிதான்” என்று சிரித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் நடந்தார். பதினொரு அடி. வலது காலில் வால்.

இருபத்தோராம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மாமா வேலை பார்க்கும் கட்டடத்தின் எழுத்தர் ஃபோன் செய்தார். லிஃப்ட்டில் ஐந்து பேர் இருந்திருக்கிறார்கள். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் மாமா மிதிப்பதை நிறுத்தியிருக்கிறார். ஆனால் கைப்பிடியை விடவில்லை. நான்காவது மாடியில் தளத்துக்குச் சரியாகக் கொண்டுபோய் நிறுத்தி, கம்பிக் கதவைத் திறந்துவிட்டு, எல்லோரும் இறங்கிய பிறகுதான் உட்கார்ந்திருக்கிறார். ஸ்டூலில் இல்லை, தரையில்.

நானும் அக்காவும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் ஏற்கெனவே முடிவைச் சொல்லிவிட்டிருந்தார். அக்கா அதை ஏற்கவில்லை. அவள் அழவும் இல்லை. போர்வைக்கு வெளியே கிடந்த அவர் கையைத் தூக்கி நர்ஸிடம் காட்டினாள்.

“லைட் எரியுது பாருங்க. அவருக்கு ஒண்ணும் இல்ல. இது எரியற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு அவரே சொல்லியிருக்காரு.”

நர்ஸ் என்னைப் பார்த்தாள்.

“முன்னெல்லாம் விட்டு விட்டு எரியும். இப்ப பாருங்க, சிமிட்டாம நல்லா எரியுது” என்றாள் அக்கா.

அது உண்மை. நாடி கிடைக்காதபோது சிமிட்ட வேண்டாம், தொடர்ந்து எரியட்டும் என்று வடிவமைத்தது நான்தான். மாமா அன்று காலையில் நிறைய நடந்திருந்தார். இரவு வரைக்கும் சேமிப்பு இருந்தது.

“அக்கா, அது வெறும் லைட்” என்றேன்.

“வெறும் லைட்டுன்னா?”

“நாடிய எண்ணும். அவ்வளவுதான். அதுக்கும் நெஞ்சுக்கும் சம்பந்தம் இல்லக்கா.”

அக்கா அவர் கையைக் கீழே வைத்தாள். மெதுவாக, தூங்குகிறவரின் கையை வைப்பதுபோல. பிறகு என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை.

“அவருக்கு அது தெரியுமா?” என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இன்றுவரை.

அவருடைய சட்டை, பேன்ட், ஷூ, பட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். பைக்குள்ளிருந்து பச்சையாகத் தெரிந்தது. மங்க ஆரம்பித்திருந்தது. இருபத்தோரு நாள் அணையாத விளக்கு. அந்த மனிதர் இவ்வளவு பாடுபட்டது வீணாகப் போகக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது. என் கால் ஏழாம் நம்பர். முன்னால் செய்தித்தாளைக் கசக்கித் திணித்துக்கொண்டு ஒன்பதாம் நம்பருக்குள் காலை விட்டேன். வயரைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். பார்த்தவர்கள் துக்கம் தாங்காமல் நடக்கிறான் என்று நினைத்தார்கள். ஒருவர் என் தோளைத் தொட்டு, “உக்காருப்பா” என்றார். உட்காரவில்லை.

பங்கை நூறுக்கு மாற்றிக்கொண்டேன். என்னால் அவ்வளவு நடக்க முடியாது.

மீதி ஒன்பது நாளையும் நானே நடந்தேன். இருபத்தைந்தாம் நாள் மத்தியானம், வீட்டுக்கு வந்திருந்த உறவெல்லாம் போய்விட்ட பிறகு, ஹாலுக்கும் சமையலறைக்கும் போய்வந்துகொண்டிருந்தேன். அக்காவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

“ஏங்க, போதுங்க” என்று அவள் குரல் கேட்டது. தூக்கக் கலக்கத்தில், அலுப்பாக, தினமும் சொல்வதுபோல. “காலு வலிக்கப் போகுது. கொஞ்சம் உக்காருங்க.”

நான் நின்றேன். பதில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். சொல்லாமல் நின்றாலும் தவறு. விளக்கைப் பார்த்தேன், கொஞ்சம் மங்கலாக இருந்தது. நடந்தேன். கதவுக்குப் பின்னால் அவள் திருப்தியாக மூச்சுவிட்டுத் திரும்பிப் படுத்த சத்தம் கேட்டது.

முப்பது நாளும் முடிந்ததும் சார் நடைப்பதிவை அச்சிட்ட முழுத் தாளையும் மேசையில் விரித்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை விரலால் தடவிக்கொண்டே போனார்.

“இருபத்தொண்ணுக்கு அப்புறம் நடை குறைஞ்சிருக்கு. ஆனா அதே ஆளுதான், இல்லையா?”

“அதே ஆளுதான் சார்.”

“ஆமா, தெரியுதே” என்றார். அவர் ‘மறுபடி’ என்று சொல்லாத ஒரே நாள் அதுதான்.

நான் கட்டுரையை அனுப்பிய பிறகுதான் அந்தத் தாளைச் சரியாகப் பார்த்தேன். சார் எப்படி ஏமாந்தார் என்று பார்க்கத்தான். இருபத்திரண்டாம் நாளிலிருந்து என் நடை இருக்க வேண்டும். என் நடை எனக்குத் தெரியும், பதினொரு நாள் பதிவு செய்திருக்கிறேன். இரண்டு காலும் சமம், வாலில்லாதது. ஆனால் தாளில் இருப்பது இடது நெடிய முனை, வலது குட்டை முனை, அதற்குப் பின்னால் வால். முப்பதாம் நாள்வரை.

இதற்கு விளக்கங்கள் உண்டு. ஷூ பெரியது, அதனால் இழுபட்டிருக்கலாம். வலது அடிப்பாகம் மாமாவின் நடையில் தேய்ந்திருந்தது, அதனால் இருக்கலாம். அடிப்பாகத்தை மாற்றிப் பார்த்தேன். தகட்டை இடம் மாற்றிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நடந்து பார்த்தேன். நான் இழுத்து நடக்கவில்லை. திரையில்தான் அப்படி விழுகிறது.

முன்பக்கத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. படிவத்தின் கடைசியில் ‘எதையும் மறைக்கவில்லை’ என்று கையெழுத்துக் கேட்டிருப்பதால் சேர்த்துவிடுகிறேன். முதல் நாள், லைட் நின்னா உள்ள இருக்கறதும் நின்னுடுமா என்று மாமா கேட்டபோது, “நிக்காமப் பாத்துக்கோங்க” என்று நான் சொன்னது இரண்டாவதாக. முதலில் “ஆமா மாமா” என்றேன். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். விளையாட்டாகத்தான். அவர் விளக்கைப் பார்த்துவிட்டு, “சரிடா. உக்காந்தா செத்தேன், அவ்வளவுதானே?” என்று சிரித்தார். நல்ல வரியாக இருந்தது. பத்திக்கு ஆகும் என்று குறித்துவைத்துக்கொண்டேன். மாலைக்குள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மாலைக்குள் அவர் ஏழாயிரம் அடி நடந்திருந்தார். அதற்கு முன் எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் ஏழாயிரம் அடி நடந்ததில்லை.

அதற்குப் பிறகு இருபது நாளும் எனக்கு நேரம் இருந்தது. அவர் காலில் பள்ளம் விழுவதைப் பார்த்தேன். அது என்னவென்று சீட்டில் படித்திருந்தேன். படித்துவிட்டு ஒரு நம்பர் பெரிய ஷூ வாங்கினேன். மாமா நடந்து சாகவில்லை. நான் நடக்க வைத்துச் செத்தார். நான்கு கோட்டில் எழுதுவதாக இருந்தால் இவ்வளவுதான்.

மாநாட்டில் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். சோதனை முடிந்துவிட்டது. நான் ஷூவைக் கழற்றலாம்.

இன்று நாற்பத்தேழாம் நாள். முன்னால் திணித்திருந்த செய்தித்தாளைப் போன வாரம் எடுத்துவிட்டேன், நெருக்கியது. ஒன்பதாம் நம்பர் எனக்கு இப்போது சரியாக இருக்கிறது, காலையிலும். அக்கா உள்ளே இருக்கிறாள். நான் நின்றால் கதவுக்குப் பின்னால் அவள் எழுந்து உட்காரும் சத்தம் கேட்கிறது, நடந்தால் படுத்துக்கொள்கிறாள். விளக்கு அணைந்தால் ஒன்றும் ஆகாது. அதற்கும் நெஞ்சுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது இந்த உலகத்தில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ஒருமுறை அணையவிட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

நாளைக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். இன்றைக்கு ஏற்கெனவே நடந்தாகிவிட்டது.